94, 74, 53, 4: டர்ஹாமில் லேபர் கரைந்த கணக்கு

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் டர்ஹாம் கவுன்டியில் 2025 மே 1 அன்று கவுன்சில் தேர்தல் நடந்தது. மொத்தம் 98 இடம். நைஜல் ஃபராஜின் வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யூகேவுக்கு 65 கிடைத்தது. முந்தைய தேர்தலில் அந்தக் கட்சிக்கு அங்கே ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடம் அந்த ஊரைத் தன் வீட்டுக் கொல்லை மாதிரி வைத்திருந்த லேபர் கட்சிக்கு, அதாவது நம் பத்திரிகைகள் தொழிற்கட்சி என்று எழுதும் கட்சிக்கு, கிடைத்தது வெறும் 4. கன்சர்வேட்டிவ்களுக்கு ஒன்றே ஒன்று.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதற்குப் பத்து மாதம் முன்னால், 2024 ஜூலையில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், இந்தக் கவுன்சில் எல்லைக்குள் முழுசாகவோ பாதியாகவோ வரும் ஆறு தொகுதிகளையும் லேபர்தான் அள்ளியது. ஆறுக்கு ஆறு எடுத்த கட்சி பத்தே மாதத்தில் 98க்கு 4 என்று வந்து நின்றதும் செய்திகளில் எல்லாம் 'பூகம்பம்' என்ற சொல் பறந்தது. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பூகம்பம் சொல்லாமல் கொள்ளாமல் வரும், இது பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டேதான் வந்தது. 2013இல் லேபரிடம் 94 இடம், 2017இல் 74, 2021இல் 53, 2025இல் 4. சுவரில் விரிசல் விழுந்து, காரை பெயர்ந்து, ஓடு சரிந்து, கடைசியில் ஒரு காற்றில் கூரை போன கதை இது. காற்றைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் வரும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு டர்ஹாம் பழக்கமான பெயர், பென் ஸ்டோக்ஸ் ஆடும் கவுன்டி. மற்றவர்களுக்குச் சுருக்கமாக: சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் பேர், நடுவில் பெரிய கதீட்ரலும் பல்கலைக்கழகமும் கொண்ட சின்ன நகரம், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பழைய நிலக்கரிக் கிராமங்கள், மேற்கே ஆடு மேயும் மலைப்பக்கம், கிழக்கே கடல். இந்த ஊருக்கு 2009 வரை இரண்டு அடுக்கு நிர்வாகம் இருந்தது: மேலே கவுன்டி கவுன்சில், கீழே ஏழு மாவட்டக் கவுன்சில்கள். 2009இல் ஏழையும் கலைத்து ஒரே கவுன்சிலாக்கினார்கள். பள்ளிக்கூடம், சாலை, குப்பை, நூலகம், வீட்டுக்குக் கட்டட அனுமதி, முதியோர் பராமரிப்பு, பெற்றோரிடமிருந்து பிரித்துக் காப்பாற்ற வேண்டிய குழந்தைகள், எல்லாமே அந்த ஒரு கூரைக்குக் கீழேதான். அதனால் டர்ஹாம் கவுன்சிலைப் பிடிப்பது என்பது ஒரு சின்ன ஊராட்சியைப் பிடிக்கிற சமாச்சாரம் இல்லை, அரை மில்லியன் பேரின் அன்றாடத்தைக் கையில் எடுப்பது.

சரி, லேபர் அங்கே எப்படி வந்தது? 1918இல் ஓட்டுரிமை விரிந்தது. அடுத்த வருடமே, 1919இல், டர்ஹாம் கவுன்டி கவுன்சில் லேபர் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் லேபர் பிடித்த முதல் கவுன்டி கவுன்சில் அதுதான். தலைமை ஏற்றவர் பீட்டர் லீ, பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர், தொழிற்சங்கத் தலைவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தது தற்செயல் இல்லை. சுரங்கம், சபை, சங்கம் ஆகிய மூன்றும்தான் டர்ஹாம் கிராமம். குடிதண்ணீர் ஒழுங்காக வராத ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவதில் மனிதர் கிடையாய்க் கிடந்தார், பர்ன்ஹோப் நீர்த்தேக்கம் அந்த முயற்சியில் வந்தது. 1948இல் புதிதாக ஒரு நகரம் கட்டியபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள், பீட்டர்லீ. 1922இல் ஒரு முறை ஆட்சி கைவிட்டுப் போனது, 1925இல் திரும்பி வந்தது, அதற்கப்புறம் 2021 வரை விடவே இல்லை. இடையில் ஓர் உலகப் போர், தாட்சர், பிளேர், எல்லாரும் வந்து போனார்கள்.

'கழுதைக்கு லேபரின் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தினாலும் இங்கே ஜெயிக்கும்' என்று அந்தப் பக்கத்துக்காரர்களே சொல்வார்கள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், அந்த விசுவாசம் கண்மூடித்தனமாக இருந்ததில்லை. லேபரின் முதல் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு இந்தக் கவுன்டியில் இருக்கும் சீஹம் தொகுதியின் எம்.பி. அவர் 1931இல் கட்சியை விட்டுக் கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து தேசிய அரசு அமைத்தார். அந்த வருடத் தேர்தலில் எப்படியோ தப்பித்தார். 1935இல் அதே சீஹம்காரர்கள் அவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதவியில் இருந்தபோது கொண்டாடிய ஆளைத்தான், தங்களை விட்டுப் போனார் என்று தெரிந்ததும் கழற்றிவிட்டார்கள். இது நினைவில் இருக்கட்டும்.

ஒரே கட்சி இவ்வளவு காலம் ஆண்டால் என்ன ஆகும்? தேர்தல் நாள் சடங்காகிவிடும். உண்மையான தேர்தல் அதற்குப் பல மாதம் முன்னால், ஏதோ ஒரு மன்றத்தின் மாடி அறையில், இருபது முப்பது கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் முடிந்துபோகும். அந்தக் கூட்டத்துக்குப் பயந்தால் போதும், மக்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இந்தத் தெனாவட்டின் உச்சம் என்று நான் நினைப்பது 1951இல் வந்த வளர்ச்சித் திட்டம். கவுன்டியில் உள்ள ஊர்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள். டி என்று விழுந்தால் அந்த ஊருக்கு இனிமேல் புது வீடு கிடையாது, புதுச் சாலை கிடையாது, நிலக்கரி தீர்ந்தால் ஊரும் தீரட்டும் என்று அர்த்தம். நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு டி விழுந்தது. அதைப் போட்டது ஏதோ லண்டன் அரசு இல்லை, சுரங்கக்காரர்களே உருவாக்கிய கவுன்சில். சில ஊர்கள் அடியோடு போயின. விட்டன் பார்க் மாதிரிச் சில ஊர்கள் தெருத்தெருவாக இடிபட்டும் மிச்சத்தோடு தாக்குப்பிடித்தன. கைவிடும்வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கொள்கை இருந்தது. 'டி கிராமம்' என்ற சொல் இன்றைக்கும் அங்கே கசப்போடுதான் வரும். ஆனாலும் ஓட்டு லேபருக்கே விழுந்தது, ஏனென்றால் ஓட்டைப் பிடித்து வைத்திருந்தது கவுன்சில் இல்லை, சுரங்கத்தைச் சுற்றி இருந்த வாழ்க்கை.

அந்த வாழ்க்கை ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கான்செட் இரும்பாலை 1980இல் மூடியது. 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது. 1993இல் ஈசிங்டன் சுரங்கம் மூடியது. 1951இல் ஒரே வெடிப்பில் 83 பேரைப் பலி வாங்கிய அந்தச் சுரங்கத்தோடு டர்ஹாம் கவுன்டியின் ஆழ்சுரங்க வரலாறு ஏறக்குறைய முடிந்தது. அப்பா வேலை செய்த இடமும் மகன் வேலை செய்த இடமும் ஒன்றாக இருந்தவரை கட்சி உறுப்பினர் அட்டையும் வழிவழியாக வந்தது. மகன் கிடங்குக்கோ கால் சென்டருக்கோ போனதும் அட்டை நின்றுபோனது. சமூக மன்றங்கள் மூடின. டோனி பிளேர் 2007இல் பதவி விலகப் போவதாக அறிவித்தது அவருடைய செட்ஜ்ஃபீல்டு தொகுதியில் இருக்கும் டிரிம்டன் லேபர் மன்றத்தில். மூன்றே வருடத்தில் அந்த மன்றமே பூட்டிவிட்டது.

சுரங்கத் தொழிலாளர் பெருவிழா மட்டும் நிற்கவில்லை. 1871இல் தொடங்கிய அந்த விழாவுக்கு, ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஒவ்வொரு சுரங்கத்தின் பட்டுக் கொடியையும் தூக்கிக்கொண்டு பேண்டு வாத்தியத்தோடு நகருக்குள் ஊர்வலம் வருவார்கள். சுரங்கம் மூடி முப்பது வருடம் ஆனாலும் கொடி வருகிறது. அந்த மேடையில் லேபர் தலைவர்கள் பேசுவது வழக்கம். 1989க்குப் பிறகு யாரும் வரவில்லை, 23 வருடம் கழித்து 2012இல்தான் எட் மிலிபேண்ட் வந்தார். பக்கத்திலேயே தொகுதி வைத்திருந்த பிளேர் பிரதமராக இருந்த பத்து வருடமும் அந்த இடைவெளிக்குள் அடக்கம். யார் யாரை விட்டுப் போனது என்று கேட்டால் டர்ஹாம்காரர் இதைத்தான் எடுத்துப் போடுவார்.

இப்போது அந்த எண்களுக்கு வருவோம். 2013இல் 126க்கு 94 எடுத்தது லேபரின் பலத்தால் என்று நினைத்தால் தப்பு. லண்டனில் கேமரன் தலைமையில் கன்சர்வேட்டிவ்-லிபரல் டெமாக்ரட் கூட்டணி கவுன்சில்களுக்குக் கொடுக்கும் மானியத்தை வெட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கோபம் இங்கே லேபருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் வெட்டு விழுந்த கவுன்சிலை நடத்தியதும் லேபர்தான். நூலகத்தின் நேரத்தைக் குறைப்பவர், பேருந்து மானியத்தை நிறுத்துபவர், நீச்சல் குளத்தைக் கைகழுவுபவர், எல்லாம் உள்ளூர் லேபர் கவுன்சிலர். 'லண்டன்காரன் பணம் தரவில்லை, நாங்கள் என்ன செய்வது' என்ற பதில் இரண்டு வருடம் செல்லும், பத்து வருடம் செல்லாது.

அப்புறம் பள்ளி உதவி ஆசிரியர் விவகாரம். இது வெளியூரில் அவ்வளவாகப் பேசப்படவில்லை, ஆனால் 94 எப்படி 74 ஆனது என்பதற்கு என் கணக்கில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக இருக்கும் உதவியாளர்கள் சுமார் 2,700 பேர், பெரும்பாலும் பெண்கள், குறைந்த சம்பளக்காரர்கள். விடுமுறை வாரங்களுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுப்பது மற்ற ஊழியர்களுக்குச் சமமாக இல்லை, நாளைக்குச் சம ஊதிய வழக்கு வரும் என்று சொல்லி, எல்லாரையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டுப் புது ஒப்பந்தத்தில் திரும்ப எடுக்கப்போவதாகக் கவுன்சில் அறிவித்தது. சிலருக்குச் சம்பளத்தில் 23 சதவீதம் வரை அடி. சட்ட ஆபத்து பொய் என்று சொல்ல முடியாது, சம ஊதியக் கடனில் பர்மிங்ஹாம் கவுன்சில் 2023இல் எப்படி முழுகியது என்று பார்த்தோம். ஆனால் இதைச் செய்தது லேபர் கவுன்சில், எதிரே நின்றவர்கள் சுரங்கக்காரர்களின் பேத்திகள். 2016 பெருவிழாவில் அவர்கள் ஊர்வலமாக வந்தபோது கூட்டம் எழுந்து கைதட்டியது. வேலைநிறுத்தம் நடந்தது, கவுன்சில் பின்வாங்கியது, 2017இல் ஒரு சமரசம் வந்தது. அதே வருடம் மே மாதம் லேபர் இருபது இடம் இழந்தது.

இதற்கு நடுவில் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் டர்ஹாம் 57.5 சதவீதம் வெளியேறுவோம் என்று போட்டது. 2019இல் பிளேரின் செட்ஜ்ஃபீல்டு உட்படக் கவுன்டியின் மூன்று தொகுதிகள் கன்சர்வேட்டிவ் பக்கம் சாய்ந்தன. லேபருக்கு ஓட்டுப் போடாமல் இருந்தால் வானம் இடிந்து விழுந்துவிடாது என்று ஒரு தலைமுறை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டது அப்போதுதான். பழக்கம் உடைவதுதான் கஷ்டம். உடைந்த பிறகு யாருக்குப் போடுவது என்பது அந்தந்தத் தேர்தலின் காற்று.

2021இல் லேபருக்கு 53. அப்போதும் அதுதான் தனிப்பெரும் கட்சி, ஆனால் 126இல் பாதியைத் தாண்ட 64 வேண்டும். இங்கே கவுன்சில் நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கவுன்சில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்தல் முடிந்த சில வாரத்தில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் கவுன்சிலர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள், அவர் தன் அமைச்சரவையை அமைத்துக்கொள்வார். மேயர் தனியே இருக்கும் ஊர்களில் கதை வேறு. தனிப்பெரும் கட்சிக்கு முதல் அழைப்பு என்றெல்லாம் எதுவும் கிடையாது, கூட்டத்தில் யாரிடம் கை அதிகமோ அவர்கள் ஆட்சியில் அமர்வார்கள். ஆகவே லிபரல் டெமாக்ரட், கன்சர்வேட்டிவ், சுயேச்சைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டு, லிபரல் டெமாக்ரட் கட்சியின் அமண்டா ஹாப்குட்டைத் தலைவராக்கினார்கள். 1925இலிருந்து பார்த்தால் லேபர் இல்லாத முதல் ஆட்சி. லண்டனில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் கட்சிகள் உள்ளூரில் ஒரே மேசையில் உட்காருவது அங்கே சகஜம்.

அந்தக் கூட்டணியை ஒட்டவைத்த பசை ஒரு கட்டடம் என்றால் மிகையில்லை. நகருக்குள் ஆற்றோரம் சுமார் 5 கோடி பவுண்டு செலவில் புதுத் தலைமையகம் கட்ட லேபர் நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தது. 'நூலகத்துக்குக் காசில்லை, உங்களுக்கு மாளிகையா' என்ற கேள்வி வீடுவீடாகப் போனது. ஆட்சி மாறியதும் புது நிர்வாகம் அதற்குள் குடிபோகவே இல்லை, பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டது. கவுன்சிலர்கள் உட்கார வேண்டிய இடத்தில் பிசினஸ் படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். லேபர் காலத்தில் 2016இல் மூடிய இராணுவப் படைப்பிரிவு அருங்காட்சியகத்தைத் திரும்பத் திறக்கவும் திட்டம் போட்டார்கள். இதையெல்லாம் செய்தும் கூட்டணிக் கட்சிகளுக்கு 2025இல் பெரிசாக நன்றி கிடைக்கவில்லை. 2021இல் 24 வைத்திருந்த கன்சர்வேட்டிவ் ஒன்றுக்கு வந்தது, லிபரல் டெமாக்ரட் 14 இடத்தோடு இரண்டாமிடம் பிடித்தது.

இப்போது அந்தக் காற்று. 2025 மே மாதம் இங்கிலாந்து முழுக்க ரிஃபார்ம் 677 இடங்களையும் பத்துக் கவுன்சில்களையும் பிடித்தது. 1997இலிருந்து கன்சர்வேட்டிவ் கோட்டையாக இருந்த கென்ட்டில் 81க்கு 57. ஆக இது லேபருக்கு மட்டும் விழுந்த அடி இல்லை, அன்றைக்கு யார் நாற்காலியில் இருந்தாலும் விழுந்த அடி. இருந்தாலும் டர்ஹாமில் லேபருக்கென்று தனியாகச் சேர்ந்த கோபம் உண்டு. 2024இல் ஆட்சிக்கு வந்த கையோடு முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையைப் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினார்கள். குளிரும் வயசாளிகளும் அதிகமுள்ள ஒரு முன்னாள் நிலக்கரி ஊரில், கதவைத் தட்டி ஓட்டுக் கேட்கப் போன லேபர்காரர் அந்தக் குளிர்காலம் முடிந்த கையோடுதான் போனார். தேர்தல் முடிந்து ஜூனில் அரசு அந்த முடிவைப் பெருமளவு திரும்பப் பெற்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட கவுன்சிலர்கள் வேலை இழந்த பிறகு.

ஆனால் 65க்கு 4 என்பது மக்கள் மனசின் நேர் அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தேர்தல் முறையின் பெருக்கல். வார்டுக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று இடம். மூன்று இடம் என்றால் வாக்காளர் மூன்று பேருக்குப் பெருக்கல் குறி போடலாம், அதிக ஓட்டு வாங்கிய மூவர் ஜெயித்தவர்கள். பெரும்பாலானவர்கள் மூன்றையும் ஒரே கட்சிக்குப் போடுவார்கள். ஆக, ஒரு கட்சிக்கு 35 சதவீதம், மற்ற மூன்று கட்சிகளுக்கு 25, 20, 20 என்று பிரிந்தால் மூன்று இடமும் 35க்கே போகும், மிச்ச 65 சதவீதத்துக்குப் பூஜ்யம். நாடு முழுக்கத் தேர்தல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிபிசி போட்ட கணக்கில் அன்றைக்கு ரிஃபார்முக்கு 30 சதவீதம்தான், லேபர் 20, லிபரல் டெமாக்ரட் 17, கன்சர்வேட்டிவ் 15, பசுமைக் கட்சி 11. ஐந்து கட்சிகள் இப்படிப் பிய்த்துக்கொள்ளும்போது முப்பதே மலை. நூறு வருடம் இந்தப் பெருக்கல் லேபருக்குத்தான் உழைத்தது, அப்போது யாரும் புகார் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போதாததற்கு எல்லைச் சீரமைப்பில் இடங்கள் 126இலிருந்து 98ஆகக் குறைந்து, பல வார்டுகளின் கோடு மாறியிருந்தது. 'நம்ம ஆள்' என்று தெருக்காரர்களுக்குத் தெரிந்த கவுன்சிலரின் பாதித் தெரு வேறு வார்டுக்குப் போயிருந்தால் சொந்தச் செல்வாக்கு எங்கே நிற்கும்?

ஒரேயடியாக 65 பேர் ஜெயித்தால் அதில் பலர் ஜெயிப்போம் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள். இதற்கு டர்ஹாமிலேயே ஒரு சாட்சி. ஒரு கவுன்சிலின் ஊழியர் அதே கவுன்சிலுக்கு உறுப்பினராக முடியாது என்பது பழைய சட்டம். கான்செட் பக்கத்து வார்டு ஒன்றில் ஜெயித்த ரிஃபார்ம் வேட்பாளர் கவுன்சிலின் சம்பளப் பட்டியலிலேயே இருந்தார். சில நாளிலேயே விலக வேண்டியதாயிற்று, ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் அந்த இடம் லிபரல் டெமாக்ரட்டுக்குப் போனது. அறுபத்தைந்தில் ஒன்று போனால் ஆட்சி ஆடாது. கட்சி மாறினால் பதவி போகும் என்று அங்கே சட்டமும் இல்லை, ஜெயித்த கவுன்சிலர் மறுநாளே சுயேச்சையாகிவிடலாம், எதிர்க்கட்சிக்கும் போகலாம், நாலு வருடமும் இடம் அவருடையது. இங்கிலாந்துக் கவுன்சில்களில் தேர்தலே இல்லாமல் ஆட்சி கைமாறுவது இப்படித்தான்.

ஜெயித்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவாரசியமான கேள்வி. பிரச்சாரம் முழுக்கக் குடியேற்றம், கடல் கடந்து அகதிகள் வரும் சிறு படகுகள், கரியமில வாயு உமிழ்வை நிகரப் பூஜ்யமாக்கும் 'நெட் ஜீரோ' இலக்கு. இதில் எதையும் டர்ஹாம் கவுன்சில் தீர்மானிக்க முடியாது. வெற்றி பெற்ற கையோடு டர்ஹாமுக்கு வந்த ஃபராஜ், பருவநிலை, பன்முகத்தன்மை வேலைகளில் இருக்கும் கவுன்சில் ஊழியர்களும் வீட்டிலிருந்து வேலை பார்க்க நினைப்பவர்களும் சீக்கிரம் வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது என்றார். கேட்க ஜோராக இருந்தது. ஆனால் கவுன்சில் பணம் அங்கேயா போகிறது? இந்த மாதிரிக் கவுன்சில்களில் செலவில் பாதிக்கும் மேல், பல இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வரை, முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் பராமரிப்புக்குப் போகிறது. அதைக் குறைக்க நினைத்தாலும் முடியாது, சட்டக் கடமை. சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்றைத் தினமும் முப்பது மைல் தள்ளியுள்ள பள்ளிக்கு டாக்ஸியில் அனுப்ப வேண்டும் என்றால் அனுப்பித்தான் ஆக வேண்டும், பில் எவ்வளவு வந்தாலும். இந்தக் குழந்தைகளுக்கான செலவில் கவுன்சில்களுக்கு விழும் துண்டு நாடு முழுக்க ஏறிக்கொண்டே போவதால், 2028 மார்ச் வரை அதைக் கணக்குக்கு வெளியே தள்ளி வைக்க அரசே அனுமதித்திருக்கிறது. தள்ளி வைத்தால் கடன் தீருமா என்ன.

சரி, வரியைக் கூட்டலாமே? கவுன்சில் வரி 1991இல் வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்து ஏ முதல் எச் வரை போட்ட பட்டைகளில் இன்னமும் ஓடுகிறது. முப்பது வருடத்துக்கும் மேலாக மறுமதிப்பீடு இல்லை, செய்தால் தோற்போம் என்று எல்லாக் கட்சிக்கும் பயம். டர்ஹாமில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் கடைசித் தட்டான ஏ பட்டையில் இருக்கின்றன. ஏ பட்டைக்காரர் கட்டுவது நடுத்தட்டான டி பட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக, லண்டனைச் சுற்றியுள்ள வசதியான கவுன்டி ஒரு சதவீதம் கூட்டினால் வரும் பணமும் டர்ஹாம் ஒரு சதவீதம் கூட்டினால் வரும் பணமும் ஒன்றில்லை. அதிலும் வருடத்துக்கு 4.99 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டுமானால் உள்ளூர் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், நடத்தி ஜெயிப்பது கனவு. ஏழை ஊருக்கு வரிவருமானம் குறைவு என்பதால் மானியம் அதிகம் கிடைத்தது, மானியம் வெட்டுப்பட்டபோது அதே காரணத்தால் அடியும் அதிகம். 2010க்குப் பிறகு டர்ஹாம் கவுன்சில் வருடச் செலவில் வெட்டியது மொத்தம் 25 கோடி பவுண்டுக்கு மேல். கொழுப்பு இருந்த காலம் எப்போதோ போயிற்று, 'வீண்செலவைப் பிடிப்போம்' என்று வந்தவர்களுக்குக் கையில் கிடைப்பது எலும்புதான்.

அதனால் முதலில் மாறியவை எல்லாம் செலவில்லாமல் மாற்றக்கூடியவை. கவுன்சில் கட்டடத்தில் பறந்த பிரைட் கொடி, அதாவது பால்புதுமையினரின் வானவில் கொடி, இறங்கியது. டர்ஹாம் பிரைட் விழாவுக்கான நிதியை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. 2025 ஜூலையில், 2019இல் கவுன்சில் நிறைவேற்றிய 'பருவநிலை அவசரநிலை'த் தீர்மானத்தை ரத்து செய்து, அதற்குப் பதிலாகப் 'பராமரிப்பு அவசரநிலை' என்று ஒன்றை அறிவித்தார்கள். பருவநிலையைத் தூக்கி எறிந்ததைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போட்டார்கள். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் பட்டது. ஆட்சிக்கு வந்து இரண்டே மாதத்தில், முந்தின இரண்டு நிர்வாகங்களையும் தூங்கவிடாமல் செய்த அதே பிரச்சினையின் பெயரைத் தாங்களே தீர்மானமாக எழுதி வைத்துவிட்டார்கள். முதியோரும், பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளும், டாக்ஸி பில்லும் கட்சி பார்த்து வருவதில்லை.

இதற்கிடையில் ஒரு தகவல், நம் ஆட்களுக்காக. டர்ஹாம் பல்கலைக்கழகத்திலோ வேறு எங்கேயோ படிக்கவோ வேலை பார்க்கவோ போய்ச் சட்டப்படி தங்கியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், இந்தத் தேர்தலில் ஓட்டு உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. பெயரைப் பதிவு செய்திருந்தால், வாக்குச்சாவடியில் கேட்கும் புகைப்பட அடையாளத்துக்குச் சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையே காட்டலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது. கவுன்சில் தேர்தலில் பொதுவாக மூன்றில் ஒருத்தர்தான் ஓட்டுப் போட வருகிறார், பல வார்டுகள் நூறு இருநூறு ஓட்டில் முடிவாகின்றன என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

லேபர் திரும்பி வருமா என்று கேட்டால், நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு கமிட்டிக்கு ஆள் போடுவதே பாடு. எல்லா வார்டு வேலைகளையும் கவனிக்க உள்ளூர்க் கட்சிக்கு இனிச் சம்பளமில்லாத கால்கள்தான். ரிஃபார்முக்கும் நிம்மதி என்று சொல்ல மாட்டேன். பெரும்பான்மைக்கு 50 போதும், ஜெயித்த அன்று கையில் பதினைந்து உபரி, ஆனால் அந்த ஓட்டு வழிவழியாக வந்த ஓட்டு இல்லை. அப்பாவிடமிருந்து வந்த லேபர் அட்டையையே கிழித்துப் போட்டவர்களுக்கு நேற்று வந்த கட்சியின் துண்டறிக்கையைக் கசக்கி எறிய எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த முழுத் தேர்தல் 2029 மே மாதம். ஜெயித்ததிலிருந்து அதுவரை மொத்தம் நாலு பட்ஜெட் போட்டாக வேண்டும். ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் கவுன்சில் கூடி எதை மூடுவது, வரியை எவ்வளவு ஏற்றுவது என்று கை தூக்குவார்கள். மார்ச்சில் ஏ பட்டை வீட்டு வாசலில் வரிச் சீட்டு வந்து விழும்.